ஷினேட் ஓ'கானர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் அயர்லாந்துப் பாடகி ஷினேட் ஓ'கானரைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அவரைப் பற்றியே இருந்ததால் இந்த முறை முழுக்க அவர்தான்.

சார், மொட்டைத் தலையோட ஒரு பெண், முகம் மட்டும் தெரியும், பாடிக்கிட்டே அழுவாங்க. ரீல்ஸ்ல அடிக்கடி வருது. அவங்களா நீங்க சொன்னவங்க? அந்த அழுகை நடிப்பா?
_கல்லூரி மாணவர், திருப்பரங்குன்றம்_

அவரேதான் தம்பி. பாட்டு 'நத்திங் கம்பேர்ஸ் டூ யூ', 1990-இல் வந்தது. எழுதியவர் அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ். அவர் உருவாக்கிய ஒரு குழு 1985-லேயே அதைப் பாடி ஆல்பத்தில் போட்டுவிட்டது, அப்போது அதைக் கவனித்தவர்கள் குறைவு. ஷினேட் பாடியபோது அமெரிக்காவில் நாலு வாரம், பிரிட்டனில் நாலு வாரம் முதலிடம். அந்த ஆண்டின் சிறந்த வீடியோவுக்கான எம்டிவி விருதும் கிடைத்தது. ஒரு பெண் பாடகி அந்த விருதை வாங்கியது அதுதான் முதல் முறை.

அழுகை நிஜம். அம்மா நட்ட செடிகளைப் பற்றி ஒரு வரி வரும், அந்த இடத்தில் அவருக்குத் தன் அம்மா நினைவு வந்துவிட்டது. அம்மா 1985-இல் கார் விபத்தில் இறந்துபோனவர். அந்த அம்மா தன்னை எவ்வளவு கொடூரமாக அடித்தார் என்பதை ஷினேட் பின்னாளில் வெளிப்படையாகவே பேசினார், எழுதினார். அப்படிப்பட்ட அம்மாவை நினைத்தும் கண்ணீர் வருகிறது. இதைத் தெரிந்துகொண்டு மறுபடி அந்த வீடியோவைப் பாருங்கள், காதல் தோல்விப் பாட்டாக மட்டும் அது கேட்காது.

நம்ம பக்கம் வேண்டுதலுக்கு மொட்டை போடுவோம். இவர் எதற்குப் போட்டார்?
_இல்லத்தரசி, வில்லாபுரம்_

முதல் ஆல்பம் வரும் முன் இசைக் கம்பெனிக்காரர்கள் முடியை நீளமாக வளர்க்கச் சொன்னார்கள், இன்னும் பெண்மையாக உடுத்தச் சொன்னார்கள். அவர் நேராக சலூனுக்குப் போய் மொத்தமாக எடுத்துவிட்டு வந்தார். அந்த ஆல்பத்தைப் பதிவு செய்தபோது அவருக்கு இருபது வயது, வயிற்றில் குழந்தை வேறு.

நான் கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவன். போப் இரண்டாம் ஜான் பால் படத்தை டி.வி.யில் கிழித்தவர் இவர். எங்கள் வீட்டுக் கூடத்தில் அந்தப் படம் இன்றும் தொங்குகிறது. இப்படிப்பட்டவரை நீங்கள் புகழ்ந்து எழுதியது எனக்கு வருத்தம்.
_ஓய்வுபெற்ற ஆசிரியர், ஞானஒளிவுபுரம்_

ஐயா, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

1992 அக்டோபர் 3. அமெரிக்காவில் 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற நேரலை நிகழ்ச்சி. வாத்தியம் எதுவும் இல்லாமல் ஜமைக்கப் பாடகர் பாப் மார்லியின் 'வார்' பாடலை எடுத்து, நடுவில் குழந்தைகள் மீதான வன்கொடுமை என்ற சொற்களைச் சேர்த்துப் பாடினார். பாட்டு முடியும் இடத்தில் போப்பின் படத்தை கேமராவுக்கு முன்னால் நீட்டிக் கிழித்தார். மேடையில் கைதட்டல் இல்லை, அப்படியே நிசப்தம். அந்தப் படம் கடையில் வாங்கியது அல்ல. 1979-இல் போப் அயர்லாந்து வந்தபோது எடுத்தது, அவருடைய அம்மாவின் படுக்கையறைச் சுவரில் மாட்டியிருந்தது. அம்மா இறந்த பிறகு அதைக் கழற்றி எடுத்து, வருஷக்கணக்காகத் தன்னோடேயே வைத்திருந்தார். உங்கள் வீட்டுக் கூடத்துப் படத்தை நீங்கள் பார்க்கும்போது நினைவுக்கு வருவது வேறு. தன்னை அடித்த அம்மாவின் சுவரில் அதே படத்தைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு நினைவுக்கு வந்தது வேறு.

இன்னொன்றும் இருக்கிறது. பதினைந்து வயதை ஒட்டி, கடைகளில் திருடினார் என்று டப்ளினில் ட்ரம்கான்ட்ரா என்ற பகுதியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய சீர்திருத்த விடுதியில் அவரைச் சேர்த்தார்கள். ஒன்றரை வருஷம் போல அங்கே இருந்தார். 'ஒழுக்கம் கெட்டவர்கள்' என்று குடும்பமும் ஊரும் ஒதுக்கிய பெண்களை அடைத்துவைத்துக் கூலியில்லாமல் துணி வெளுக்க வைத்த மக்தலேன் சலவைக் கூடம் அதே வளாகத்தில்தான் இருந்தது. அவர் படத்தைக் கிழித்ததற்கு மறு ஆண்டு, 1993-இல், அந்த நிலத்தில் ஒரு பகுதியை விற்றபோது அங்கிருந்த கல்லறைகளைத் தோண்டினார்கள். 133 உடல்களை எடுக்க அனுமதி வாங்கியிருந்தார்கள், கிடைத்தவை 155. பல பெண்களுக்கு இறப்புப் பதிவுகூட இல்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: முதல் கித்தார் அவருக்குக் கிடைத்ததும் அங்கேதான், ஒரு கன்னியாஸ்திரி வாங்கிக் கொடுத்தது. அந்த அன்பை அவர் கடைசிவரை நன்றியோடு சொன்னார்.

1992-இல் யாரும் அவரை நம்பவில்லை. இரண்டு வாரம் கழித்து நியூயார்க்கில் அமெரிக்கப் பாடகர் பாப் டிலனுக்கான பாராட்டு விழாவில் மேடை ஏறியதும் அரங்கத்தில் ஒரே கூச்சல். அவரை மேடையிலிருந்து அழைத்துக்கொண்டு வரும்படி பாடகர் கிறிஸ் கிறிஸ்டாஃபர்சனை அனுப்பினார்கள், அவரோ பக்கத்தில் போய் மனசை விட்டுவிடாதே என்று சொல்லிவிட்டு வந்தார். ஷினேட் பாட வேண்டிய டிலன் பாட்டை விட்டுவிட்டு, அதே 'வார்' பாடலைக் கூச்சலுக்கு மேலே கத்திப் பாடிவிட்டு இறங்கினார்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அயர்லாந்து அரசு அமைத்த ரயன் ஆணையம் 2009-இல் வெளியிட்ட அறிக்கை, திருச்சபை நடத்திய விடுதிகளில் குழந்தைகளுக்கு நேர்ந்த கொடுமைகளை ஆயிரக்கணக்கான பக்கங்களில் சொன்னது. 2010-இல் போப் பதினாறாம் பெனடிக்ட் அயர்லாந்துக் கத்தோலிக்கர்களுக்கு வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதினார். 2013-இல் அந்த நாட்டுப் பிரதமர் மக்தலேன் பெண்களிடம் மன்னிப்புக் கேட்டார். 2018-இல் டப்ளின் போன போப் பிரான்சிஸும் மன்னிப்பு வேண்டினார். திருச்சபைத் தலைவர்களே பின்னாளில் ஒப்புக்கொண்ட விஷயத்தை 25 வயதுப் பெண் தனியாக நின்று முன்பே சொன்னார், அதற்காக அடிபட்டார். படத்தைக் கிழித்த முறை உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம், அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அவர் சொன்னது உண்மை.

கடவுள் நம்பிக்கை இல்லாதவரும் அல்ல அவர். முதல் ஆல்பத்தின் பெயரே விவிலியத்தின் திருப்பாடல் 91-இல் வரும் சிங்கமும் பாம்பும்தான். 2007-இல் விவிலிய வரிகளை வைத்தே ஓர் ஆல்பம் செய்தார்.

அந்த ஒரு காரியத்தால் தொழில் போச்சே. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கோடி கோடியாகச் சம்பாதித்திருக்கலாமே அண்ணே?
_ஜவுளிக்கடைக்காரர், விளக்குத்தூண்_

சம்பாதித்திருப்பார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் போக நினைத்த வழி அது இல்லை. முதலிடம் பிடித்த பாட்டுதான் தன்னைத் தடம் மாற்றியது, படத்தைக் கிழித்ததுதான் சரியான பாதைக்குத் திருப்பியது என்று 2021-இல் வந்த தன்வரலாற்றில் எழுதினார். நான் அதை அப்படியே நம்புகிறேன், ஏனென்றால் 1991-லேயே, புகழின் உச்சியில் இருந்தபோது, இசைத்தொழில் பணத்துக்கு மட்டும் மரியாதை தருகிறது என்று சொல்லி கிராமி விருதை வேண்டாம் என்றவர் அவர். அப்போது படத்தைக் கிழித்த விவகாரமே நடக்கவில்லை.

தொழில் போச்சு என்பதும் சரியில்லை. 2014 வரை ஆல்பங்கள் வந்துகொண்டே இருந்தன. 2005-இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனுக்கே போய், அந்த ஊர்க் கலைஞர்கள் ஸ்லை, ராபி இருவரோடும் உட்கார்ந்து அந்த நாட்டு ரெக்கே இசையிலேயே முழு ஆல்பம் போட்டார். பெரிய அரங்கங்கள் குறைந்தன, அவ்வளவுதான்.

நான் பறை அடிக்கிறவன், எங்க அப்பத்தா ஒப்பாரி பாடும். நீங்க போன தடவை இந்தம்மா குரல்ல ஒப்பாரி கேட்குதுன்னு எழுதியிருந்தீங்க. அயர்லாந்துல ஒப்பாரி உண்டா?
_அலங்காநல்லூர் வாசகர்_

உண்டு அண்ணே, இந்தக் கேள்விக்காகவே உங்களுக்குப் பெரிய நன்றி. அங்கே சாவு வீட்டில் இரவு முழுக்க விழித்திருப்பார்கள், உடலைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து இறந்தவரின் பெருமையைச் சொல்லிச் சொல்லி அழுது பாடுவார்கள். அதற்குக் 'கீனிங்' என்று பெயர். நன்றாகப் பாடுகிற பெண்களைக் கூலி கொடுத்துக் கூப்பிடும் வழக்கமும் இருந்தது. பாதிரியார்கள் பிடிக்காமல் கண்டித்துக்கொண்டே இருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் அது ஏறக்குறைய மறைந்துவிட்டது.

ஷினேடின் 1990 ஆல்பத்தில் 'ஐ ஆம் ஸ்ட்ரெச்ட் ஆன் யுவர் கிரேவ்' என்று ஒரு பாட்டு. செத்துப்போன காதலியின் கல்லறை மேல் படுத்துக்கொண்டு ஒருவன் புலம்புகிற பழைய ஐரிஷ் மொழிக் கவிதை, பதினேழாம் நூற்றாண்டு என்பார்கள். அதன் ஆங்கில வடிவத்தை அவர் என்ன செய்தார் தெரியுமா, அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' என்ற பதிவிலிருந்து ஒரு டிரம் அடியை மட்டும் வெட்டி எடுத்து, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன் மேல் ஒற்றைக் குரலில் பாடினார். பெரும்பாலும் குரலும் அடியும்தான் முன்னால் நிற்கும். கடைசியில்தான் வயலின் நுழையும், நுழைந்த பிறகு விடாது. உங்கள் அப்பத்தா பாடும்போது பறை பின்னால் ஒரே நடையில் போய்க்கொண்டிருக்குமே, அழுகை அதற்கு மேலே ஏறி இறங்குமே, அதே கட்டுமானம். அப்பத்தாவுக்கு ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள். மொழி புரியாவிட்டாலும் எந்த இடத்தில் மூச்சு உடைகிறது என்பது அவருக்குச் சட்டென்று பிடிபடும் என்று நினைக்கிறேன். 2002-இல் பழைய ஐரிஷ் நாட்டுப்பாடல்களாகவே பாடி ஓர் ஆல்பமும் போட்டிருக்கிறார், அதையும் தேடிக் கேளுங்கள்.

இஸ்லாத்துக்கு மாறினார் என்பது உண்மையா? எப்படி இறந்தார்?
_கோரிப்பாளையம் வாசகி_

உண்மை. 2018-இல் மாறினார், ஷுஹதா என்று பெயர் வைத்துக்கொண்டார். மேடையிலும் பாட்டுகளிலும் பழைய பெயரே தொடர்ந்தது. 2022 ஜனவரியில் பதினேழு வயது மகனை இழந்தார். அதைப் பற்றி மேலே எழுத எனக்கு மனம் வரவில்லை. 2023 ஜூலை 26 அன்று லண்டன் வீட்டில் காலமானார், 56 வயது. நாள்பட்ட நுரையீரல் நோயும் ஆஸ்துமாவும் காரணம் என்று இறப்புச் சான்றிதழ் சொல்கிறது. டப்ளினுக்குத் தெற்கே பிரே என்ற கடற்கரை ஊரில் அவர் வாழ்ந்த வீட்டுக்கு முன்னால் ஆயிரக்கணக்கானவர்கள் சாலையோரம் நின்று வழியனுப்பினார்கள். தொழுகை நடத்தியவர் ஓர் இமாம், அயர்லாந்து ஜனாதிபதியும் வந்திருந்தார்.

எதில் தொடங்கிக் கேட்பது? ஒரு பாட்டு போதுமா?
_மேலூர் வாசகர்_

ஒரு பாட்டு போதாது, அதுவும் அந்தப் பிரபலமான பாட்டோடு நின்றுவிடவே வேண்டாம். முதலில் 1987 ஆல்பத்திலிருந்து 'ட்ராய்'. ஆறு நிமிஷத்துக்கு மேல் ஓடும், முணுமுணுப்பில் ஆரம்பித்து அலறலில் போய் நிற்கும், இருபது வயதில் பாடியது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் 'பிளாக் பாய்ஸ் ஆன் மொபெட்ஸ்'. லண்டனில் போலீஸ் துரத்தியதில் உயிர் போன கறுப்பின இளைஞனுக்காகப் பாடியது, கித்தாரும் குரலும் மட்டும். மூன்றாவதாக 1994-இல் வந்த 'தேங்க் யூ ஃபார் ஹியரிங் மீ'. அலங்காநல்லூர்க்காரருக்குச் சொன்ன கல்லறைப் பாட்டை ராத்திரி ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், அந்த டிரம் அடி போன் ஸ்பீக்கரில் சரியாக விழாது.