ஹோஸ் எங்கே கிழிந்தது?

கேள்வி: என் எஸ்யூவிக்கு 13 வயது. ரேடியேட்டர் ஒழுகியதால் வழக்கமான பட்டறையில் விட்டேன். ரேடியேட்டர், மூடி, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ஃபேன் கிளட்ச் எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று நீளமாக ஒரு எஸ்டிமேட் கொடுத்தார்கள். தலையில் மிளகாய் அரைக்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்து, ரேடியேட்டரை மட்டும் மாற்றச் சொன்னேன். 19 நாள் கழித்து நெடுஞ்சாலையில் கீழ் ஹோஸ் கிழிந்து கூலன்ட் கொட்டிவிட்டது. முள் சிவப்புக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் தானாகவே இறங்கியதால் 9 கிலோமீட்டர் ஓட்டி வீடு வந்து சேர்ந்தேன். ஹெட் கேஸ்கெட் (இஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, ஹெட்டும் வளைந்திருக்கலாம் என்கிறார் வேறொரு மெக்கானிக். பழைய பட்டறைக்காரர் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் மரியாதையில்லாமல் பேசுகிறார். இத்தனை வருடப் பழக்கத்துக்கு இதுதான் பலனா? அன்றைக்கு மகளை ரயிலேற்றிவிடவும் முடியவில்லை. நடந்ததை எல்லாம் வாட்ஸ்அப்பில் அவருக்கு விளக்கமாக எழுதிவிட்டேன். இஞ்சின் செலவு முழுவதையும், மன உளைச்சலுக்கு நஷ்ட ஈட்டையும் வாங்க முடியுமா? கிழிந்த ஹோஸ் டிக்கியில் கிடக்கிறது.

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் வழக்கு. டிக்கியில் கிடக்கும் அந்த ஹோஸை முதலில் பத்திரப்படுத்துங்கள்.

அவர் மரியாதையில்லாமல் பேசியது, போனை எடுக்காதது, இத்தனை வருடப் பழக்கம் எல்லாவற்றையும் எழுதினால் நோட்டீஸ் இரண்டு பக்கம் நீளும், அவ்வளவுதான். மகளின் ரயிலும் அப்படியே. இங்கிலாந்தில் 1854-இல் ஹாட்லி எதிர் பாக்ஸென்டேல் என்று ஒரு வழக்கு. ஒரு மாவு மில்லின் உடைந்த இயந்திரத் தண்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் சரக்கு ஏற்றிச் சென்றவர் தாமதம் செய்தார். அதுவரை மில் ஓடவில்லை. அந்த நஷ்டத்துக்கு மில்காரருக்கு ஈடு கிடைக்கவில்லை. வேலையை ஒப்புக்கொள்ளும்போது இரு தரப்பும் எதிர்பார்த்திருக்கக்கூடிய நஷ்டத்துக்குத்தான் பொறுப்பு என்றது தீர்ப்பு. சட்டக் கல்லூரியில் எல்லோரும் படித்த வழக்கு. ரேடியேட்டர் மாற்றியவர் உங்கள் மகளின் ரயிலை எதிர்பார்த்திருக்க முடியாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றச் சொன்னார்கள், நீங்கள் மறுத்தீர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கெட்டுப்போனது வாட்டர் பம்பாகவோ ஃபேன் கிளட்சாகவோ இருந்தால், வழக்கே வேண்டாம் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். அவர் எச்சரித்தார், கைவைக்கவும் இல்லை. அவரிடம் கேட்க எதுவும் கிடையாது. ஹோஸ் அப்படியல்ல. ரேடியேட்டரைக் கழற்றுகிறவர் ஹோஸைக் கழற்றாமல் இருக்க முடியாது. 13 வருடம் சூட்டில் வெந்த ரப்பர் பழைய ரேடியேட்டரின் கழுத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். முறுக்கிப் பார்ப்பார்கள், வராவிட்டால் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்புவார்கள். அப்புறம் அதையே புது ரேடியேட்டரின் கழுத்தில் ஏற்றி, பெரும்பாலும் பழைய கிளிப்பையே மறுபடி இறுக்குவார்கள்.

ஆகவே ஹோஸை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கிளிப் உட்கார்ந்த தடத்திலோ விளிம்பிலோ தொடங்கிய கிழிசலா? அப்படியானால் பட்டறையின் கைவேலை என்று வாதிட இடமிருக்கிறது. நடுவில், வளைவில், ரப்பர் உப்பி வெடித்திருக்கிறதா? அது வயது, மாற்ற வேண்டாம் என்று சொன்னவர் நீங்கள். பார்க்க மட்டும் செய்யுங்கள். கழுவாதீர்கள், நுனியை வெட்டி மெக்கானிக்கிடம் கொடுக்காதீர்கள்.

எதிர்தரப்பு சொல்லப்போவதும் தெரிந்ததுதான். ஒழுகும் ரேடியேட்டரில் அழுத்தம் நிற்காது. புதியதில் முழு அழுத்தம் நிற்கும், சுமார் 1 பார். அதைப் பழைய ஹோஸ் தாங்கவில்லை, அதனால்தான் சேர்த்து மாற்றச் சொன்னோம் என்பார்கள். தொழில்நுட்பப்படி சரியான வாதம். ஆனால் அதுவே அவர்களையும் திருப்பிக் கடிக்கும். இது தெரிந்திருந்தும், நலிந்த ஹோஸைக் கையில் பிடித்துப் பார்த்த பிறகும், உங்களை ஒரு போன் போட்டுக் கேட்காமல் ஏன் திருப்பி மாட்டினீர்கள் என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கு ஜாப் கார்டில் (வேலை விவரத்தைப் பட்டறை எழுதிவைக்கும் சீட்டு) பதில் இருக்கிறதா என்று பாருங்கள். 'பழைய ஹோஸ், வாடிக்கையாளர் பொறுப்பில்' என்று எழுதி அதன் கீழ் உங்கள் கையெழுத்து இருந்தால், நான் மேலே சொன்னதில் பாதி போய்விடும்.

இதெல்லாம் உங்களுக்குச் சாதகமாகவே அமைந்தாலும் கிடைக்கக்கூடியது ஒரு ஹோஸும், கூலன்டும், கொஞ்சம் கூலியும்தான். நீங்கள் கேட்பதோ இஞ்சினை. இரண்டுக்கும் நடுவே அந்த 9 கிலோமீட்டர் நிற்கிறது.

தனக்கு வந்த நஷ்டத்தை வளரவிடாமல் பார்த்துக்கொள்வது பாதிக்கப்பட்டவரின் கடமை. இந்த இடத்தில் விழுந்த கட்சிக்காரர்கள் என்னிடம் நிறையப் பேர். ஒருவரின் குறுக்கு விசாரணை மூன்று நிமிடம்கூட நீடிக்கவில்லை. முள் சிவப்பைத் தொட்டதைப் பார்த்தீர்களா? பார்த்தேன். வண்டியை ஓரங்கட்ட இடம் இருந்ததா? இருந்தது. நிறுத்தினீர்களா? இல்லை. எதிர்தரப்பு வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

நீங்கள் அந்தப் பதில்களை விசாரணைக்கு முன்பே வாட்ஸ்அப்பில் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். கோபத்தில் எழுதும் நீளமான செய்தி எப்போதும் எதிர்தரப்பின் ஆவணமாகத்தான் முடியும். அதை இப்போது அழிக்க நினைக்காதீர்கள். அவர் போனில் அது இருக்கும், அழித்தது தனிக் கதையாகும். இனிமேல் எழுதாமல் இருந்தால் போதும்.

அதில் உங்களுக்கு உதவக்கூடியது ஒன்றே ஒன்று: முள் தானாக இறங்கியது. இஞ்சின் ஆறியதால் அது இறங்கவில்லை. சென்சார் கூலன்டில் மூழ்கியிருந்தால்தான் சரியான சூட்டைக் காட்டும். கூலன்ட் வடிந்து சென்சாரைச் சுற்றி வெறும் ஆவியும் காற்றும் நின்றால், உள்ளே உலோகம் கொதித்துக்கொண்டிருக்கும்போதே முள் கீழே வரலாம். சாதாரண ஓட்டுநர் இதில் ஏமாறுவது இயல்பு என்று ஒரு நிபுணர் எழுதித் தந்தால் 9 கிலோமீட்டரின் கனம் குறையும். ஆனால் முள் சிவப்பில் நின்ற அந்த முதல் சில நிமிடங்களுக்கு அவராலும் பதில் சொல்ல முடியாது.

அடுத்து, இதைவிட அதிகம் பேர் விழுகிற பள்ளம். வண்டி இல்லாமல் கஷ்டம் என்று இஞ்சினைப் பிரித்து, ஹெட்டை லேத்துக்கு அனுப்பி, கேஸ்கெட்டைக் குப்பையில் போட்டு, எல்லாம் முடிந்தபின் பில்களை ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு வருவார்கள். பில் நீங்கள் செலவு செய்ததைக் காட்டும். எதனால் செலவு வந்தது என்பதைக் காட்டாது. சூட்டில் வளைந்த ஹெட்டா, முன்பே அரிப்பெடுத்திருந்த ஹெட்டா என்பதைச் சொல்ல அந்த ஹெட் வேண்டும். 13 வயது வண்டி என்றதும் 'ஏற்கெனவே போயிருந்த கேஸ்கெட்தான்' என்று அவர்கள் ஆரம்பிப்பார்கள். நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. எனவே பிரிப்பதற்கு முன் தேதி குறித்து அவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள், நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். வராவிட்டால் அதையும் குறித்துக்கொண்டு, இரண்டு தரப்பிலும் வேலை செய்யாத ஒருவரை வைத்துப் பிரியுங்கள். கழற்றிய ஒவ்வொன்றையும் வைத்திருங்கள்.

உண்மையில் நான் சொல்வது சமரசம்தான். நீங்கள் ஜெயித்தாலும் பழைய பொருளுக்குப் பதில் புதியது வந்ததற்காக ஒரு கழிவு போகும், 9 கிலோமீட்டருக்காக இன்னொன்று போகும், நிபுணருக்கான செலவு முதலில் உங்கள் பையிலிருந்து போகும். கிழிசல் கிளிப் தடத்தில் இருந்தால், 'உரிமைகளுக்குப் பங்கமின்றி' (சமரசப் பேச்சில் சொன்னதைப் பின்னால் வழக்கில் உங்களுக்கு எதிராகக் காட்டக்கூடாது என்று பொருள்) என்று தலைப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள்: ஹெட் வேலைக்கான கூலி அவருடையது, பாகங்களின் விலை உங்களுடையது. இதற்குப் பெரும்பாலான பட்டறைக்காரர்கள் இறங்கி வருவார்கள். அவர்களுக்குக் கூலி என்பது கைக்காசு அல்ல. கிழிசல் நடுவில் இருந்தால் கடிதமே வேண்டாம், வேறு இடத்தில் வேலையைப் பாருங்கள்.

எங்கே செய்தாலும், இந்தத் தடவை அந்த நீளமான பட்டியலை ஒப்புக்கொள்ளுங்கள். ஹெட்டைத் தூக்கும் கூலியிலேயே தெர்மோஸ்டாட்டும் இரண்டு ஹோஸ்களும் வந்துவிடும். வாட்டர் பம்ப் டைமிங் பெல்ட்டில் ஓடுகிற வண்டியானால் பம்ப், பெல்ட், டென்ஷனர் மூன்றும் ஒரே கைவேலை. மூடியையும் மாற்றுங்கள், இருப்பதிலேயே மலிவான பாகம், அழுத்தத்தைப் பிடித்து வைப்பது அதுதான். ஃபேன் கிளட்சை மட்டும் சோதித்துவிட்டுத் தள்ளிப்போடலாம், அதை எப்போது வேண்டுமானாலும் தனியாகக் கழற்றலாம். எதைத் தள்ளிப்போட்டாலும் யார் சொல்லித் தள்ளிப்போட்டது என்பது ஜாப் கார்டில் இருக்கட்டும், வேலை முடிந்து பிரஷர் டெஸ்ட் செய்த விவரமும் அதிலேயே இருக்கட்டும்.

சமரசம் என்று அதே பட்டறைக்கு வண்டியைக் கொடுப்பதானால், ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்திட்ட பிறகு கொடுங்கள். கூலி வரும்வரை வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை பழுது பார்த்தவருக்கு உண்டு. வாய்ப்பேச்சை நம்பி வண்டியை உள்ளே விட்டால், அப்புறம் பேரம் பேசுகிற இடத்தில் அவர்தான் இருப்பார். 'முழுமையான இறுதித் தீர்வு' என்ற வரியில் வண்டியை ஓட்டிப்பார்க்கும் முன் கையெழுத்திடாதீர்கள். ஹெட் வேலைக்குக் குறிப்பிட்ட கால உத்தரவாதத்தைக் கேட்டு வாங்கி, அந்த இறுதித் தீர்வு இந்த உத்தரவாதத்தைக் கட்டுப்படுத்தாது என்று விலக்குக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். ஹோஸும் அதுவரை உங்களிடமே இருக்கட்டும்.