ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரின் ஹேண்ட் பிரேக் மேட்டில் பிடிக்கவில்லை. கேபிளை இறுக்கியும் பயனில்லை. என்ன செய்யலாம்?

தயவுசெய்து கேபிளை இனியும் இறுக்காதீர்கள். என் தந்தையார் வாங்கிய ஹெரால்டை மதுரையில் இன்றும் ஓட்டி வருகிறேன். நீங்கள் சொல்லும் அதே குறை அதற்கும் இருந்தது. ஒரு பட்டறையில் இரண்டு முறை கேபிளை இறுக்கிக் கொடுத்தார்கள். பிறகு சிறுமலை ஏற்றத்தில், அம்மா பின்னிருக்கையில் அமர்ந்திருக்க, லீவரை முழுதாகத் தூக்கியும் வண்டி பின்னோக்கி நகர்ந்தது. நான் கால் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க, டீக்கடையில் நின்ற ஒருவர் ஓடி வந்து சக்கரத்துக்குக் கல் கொடுத்தார். அன்று பின் சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம்மைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. இறுக்கிய கேபிள், டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூக்களை முழுதாகத் திரும்பவிடாமல் வழியெல்லாம் உரசவிட்டிருந்தது.

இந்த வண்டியில் குறை பெரும்பாலும் டிரம்முக்குள்தான் இருக்கும். ஷூக்களைத் தள்ளும் பின் வீல் சிலிண்டருக்கு ஹெரால்டில் ஒரே பிஸ்டன். சிலிண்டர், டிரம்முக்குப் பின்னால் உள்ள தகடான பேக் பிளேட்டின் நீள்துளையில் முன்னும் பின்னும் நகரும்படி பொருத்தப்பட்டிருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை இழுக்கும்போது சிலிண்டரில் உள்ள சிறு லீவர் ஒரு ஷூவைத் தள்ளுகிறது. அந்த எதிர்விசையில் சிலிண்டரே எதிர்ப்பக்கம் நகர்ந்து மற்ற ஷூவைத் தள்ளுகிறது. துளையில் துருவும் மண்ணும் சேர்ந்து சிலிண்டர் இறுகிவிட்டால் ஒரு ஷூ மட்டுமே வேலை செய்யும். கேபிளை எவ்வளவு இழுத்தாலும் பாதிப் பிடிதான் கிடைக்கும். என் வண்டியில் இடப்பக்கச் சிலிண்டர் கட்டை விரலால் தள்ளியபோது அசையவே இல்லை. பிரேக் எண்ணெய்க் குழாயைக் கழற்றி, சிலிண்டரை வெளியே எடுத்து, துளையின் விளிம்பில் செதில் செதிலாக ஏறியிருந்த துருவை நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, பிரேக்குக்கென்று விற்கும் கிரீஸை மெல்லியதாகத் தடவிப் பொருத்தியதும் ஒரு விரலுக்கே வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. சாதாரண கிரீஸ் வேண்டாம். சூட்டில் உருகி, ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங்கில் இறங்கும். குழாயைத் திறந்தால் பிறகு பிரேக்கில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே நல்லது. லைனிங்கில் எண்ணெய் ஊறியிருந்தால் கழுவிப் பயனில்லை. ஆயில் சீலையோ சிலிண்டர் வாஷரையோ முதலில் மாற்றிவிட்டு, இரு சக்கரங்களுக்கும் சேர்த்தே புதிய லைனிங் போடுங்கள்.

அடுத்து ஷூ அட்ஜஸ்ட்மென்ட். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை முழுதாக இறக்கிவிடுங்கள். பேக் பிளேட்டின் பின்னால் சதுரத் தலையுடன் ஒரு அட்ஜஸ்டர் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குச் சரியான சதுர ஸ்பானரையே பயன்படுத்துங்கள்; கட்டிங் பிளேயரால் திருகித் தலை மழுங்கிப்போன அட்ஜஸ்டர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், பார்க்கவே மனம் பொறுக்காது. கடிகாரச் சுற்றில் திருக, கால் சுற்றுக்கு ஒரு முறை ‘கடக்’கென்று கையில் தெரியும். சக்கரம் கையால் சுற்ற முடியாதபடி நின்றதும் கால் பிரேக்கை ஒரு முறை அழுத்தி மிதித்தால் ஷூக்கள் நடுவுக்கு வந்துவிடும். இன்னும் திருக இடமிருந்தால் திருகி, பிறகு சக்கரம் தாராளமாகச் சுற்றும் அளவுக்கு ஒரு ‘கடக்’ பின்வாங்குங்கள்.

பலருக்கு இத்துடனே பிரேக் பிடித்துவிடும். பிடிக்காவிட்டால்தான் கேபிள். உள்கம்பி இழை பிரிந்திருந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் இரு சக்கரங்களுக்கும் இழுவையைப் பங்கிடும் ஈடுகட்டியின் அச்சில் கிரீஸ் வைத்து, அது தடையின்றித் திரும்புகிறதா என்று பாருங்கள். அது சிக்கினால் ஒரு சக்கரம் மட்டுமே பிடிக்கும். ஹெரால்டின் பின் அச்சு ஊஞ்சல் வகையைச் சேர்ந்தது. தூக்கி நிறுத்தும்போது சக்கரங்கள் சாய்ந்து தொங்குவதால் கேபிளின் நீளக் கணக்கும் மாறுகிறது. ஆகவே வண்டியின் எடை சக்கரங்களில் இறங்கிய நிலையில்தான் கேபிளின் தொய்வை எடுக்க வேண்டும். லாக் நட்டைத் தளர்த்தி, தொய்வு போகும் அளவுக்கு மட்டும் கேபிள் முனையில் உள்ள ஃபோர்க்கைத் திருகுங்கள். லீவர் கீழே இருக்கையில் சக்கரத்தருகே உள்ள சிறு லீவர்கள் முழு ஓய்வில் இருக்க வேண்டும்.

அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் பாகங்கள் வேறுபடும். முதலில் ஷூ, கடைசியில் கேபிள் என்ற வரிசை மாறாது. என் வண்டி இப்போது அதே சிறுமலை ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக் லீவரின் ஐந்தாம் பல்லிலேயே நிற்கிறது. இருந்தாலும் அங்கே நிறுத்தும்போது முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல்லும் வைத்துவிட்டுத்தான் அம்மாவை இறக்குகிறேன். புதிய கேபிள் போட்டிருந்தால் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறை தொய்வைப் பாருங்கள்.