வாசகர் கேள்வி பதில்: ஜப்பானிய புளூரே இங்கே ஓடுமா?

கே: அனிமே படத்தின் புளூரே வட்டை ஜப்பானிலிருந்தே வரவழைத்தால் நம் வீட்டு பிளேயரில் ஓடுமா? – ஈசூன் வாசகர்

ப: தாராளமாக ஓடும். வட்டுகளையும் பிளேயர்களையும் உலகின் வட்டாரங்களாகப் பிரித்துப் பூட்டியிருப்பார்கள்; வட்டாரம் பொருந்தினால்தான் வட்டு ஓடும். புளூரேயில் சிங்கப்பூரும் ஜப்பானும் ஒரே ‘ஏ’ வட்டாரம். டிவிடிதான் காலை வாரும்: ஜப்பான் 2, நாம் 3. கணினி டிரைவில் வட்டார எண்ணை மாற்றலாம், ஆனால் 5 முறைதான். பிறகு கடைசி எண்ணிலேயே பூட்டிக்கொள்ளும்.

உண்மையான சிக்கல் வசனவரி. ஜப்பானில் விற்கும் வட்டுகள் பலவற்றில் ஆங்கில வசனவரி கிடையாது. விவரக்குறிப்பில் ‘ஜிமாகு’, அதாவது வசனவரி, என்ற இடத்தில் ‘எய்கோ’ (ஆங்கிலம்) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அட்டைப்பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். அப்போது அமெரிக்கப் பதிப்பே நல்லது. அதுவும் ‘ஏ’ வட்டாரம்தான். பிரிட்டன் பதிப்பில் ‘பி’ மட்டும் போட்டிருந்தால் இங்கே ஓடாது. 4கே யூஎச்டி (புளூரேயைவிடத் துல்லியமான படம் தரும்) வட்டுக்கு வட்டாரப் பூட்டே இல்லை, ஆனால் அதற்கு 4கே பிளேயர் வேண்டும். அதே பெட்டியில் கூடவே வரும் சாதாரண புளூரே பூட்டப்பட்டிருக்கலாம்.

கே: ஜப்பானிலிருந்து வரவழைத்த புளூரேயை மதுரையில் இருக்கும் தம்பிக்கு அனுப்பலாமா?

ப: இந்தியா ‘சி’ வட்டாரம். பின்னட்டையில் ஏ, பி, சி மூன்றும் அச்சிட்டிருந்தால் அனுப்புங்கள்.