அழுகையும் வரவில்லை, நிம்மதியும் இல்லை: இது என்ன மனநிலை?

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, என் வயது 36. வீட்டிலிருந்தபடியே கொலுசுக்குச் சலங்கை மாட்டிக் கொடுக்கும் வேலை செய்கிறேன். சில நாட்களில் விடிந்ததிலிருந்தே எதுவும் பிடிப்பதில்லை. அழுகை வருவதில்லை, ஆனால் உள்ளுக்குள் ஏதோ குடைகிறது. உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை. பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்தால்கூடக் கையிலுள்ள குறட்டை வீசியெறியத் தோன்றுகிறது. கோடை விழாவுக்குக் குடும்பத்தோடு ஏற்காடு போனபோதும், எல்லோரும் சந்தோஷமாக இருக்க, நான் மட்டும் எப்போது மலையிறங்குவோம் என்றே இருந்தேன். நான்கைந்து நாட்களில் தானாகவே சரியாகிவிடுகிறது. கணவர் இதைத் திமிர் என்கிறார். மாமியார் திருஷ்டி கழித்தார். செல்போனில் தேடியபோது ‘டிஸ்போரியா’ என்று வந்தது. அது பாலினம் பற்றிய பிரச்சினை என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். எனக்கு என்ன வியாதி?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சிவதாபுரம், சேலம்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

டிஸ்போரியா என்பது ஒரு வியாதியின் பெயரன்று. அதிருப்தி, எரிச்சல், பதற்றம், நிலைகொள்ளாமை ஆகியவை ஒன்றாகக் கலந்து நிற்கும் கசப்பான மனநிலையை மருத்துவர்கள் அப்படிக் குறிப்பிடுகிறார்கள். உடம்பு சுடுகிறது என்பதை மட்டும் வைத்து அது டெங்குவா டைபாய்டா என்று சொல்லிவிட முடியாததைப் போலவே, இந்த மனநிலை இருக்கிறது என்பதை மட்டும் வைத்து அதன் காரணத்தைச் சொல்லிவிட முடியாது. வீடியோவில் நீங்கள் கேட்டது, பிறப்பின்போது குறிக்கப்பட்ட பாலினமும் தான் உணரும் பாலினமும் ஒத்துப்போகாதபோது ஒருவர் அனுபவிக்கும் வேதனையைப் பற்றியது. அதற்கும் உங்கள் கடிதத்தில் உள்ளதற்கும் தொடர்பு தெரியவில்லை.

சோகம் வேறு, இது வேறு என்பதை நீங்களே சரியாகக் கண்டுகொண்டிருக்கிறீர்கள். 1980-இல் ஜேம்ஸ் ரஸ்ஸல் என்ற உளவியலாளர், உணர்ச்சிகளை இனிமை, கசப்பு என்று மட்டும் பிரிக்காமல், அவற்றோடு உடலும் மனமும் எவ்வளவு முடுக்கிவிடப்பட்டிருக்கின்றன என்பதையும் சேர்த்தே அளக்க வேண்டும் என்று விளக்கினார். அந்தக் கணக்கில் சோகம் ஆளைச் சோர்ந்து உட்கார வைக்கிற கசப்பு. உங்களுடையதோ உட்கார விடாத கசப்பு. அழுகை வந்தால் வீட்டிலுள்ளவர்கள் அருகில் வந்து உட்காருவார்கள். எரிச்சல் வந்தால் விலகிப் போவார்கள், அல்லது திருப்பித் திட்டுவார்கள். இரண்டுமே துன்பந்தான் என்றாலும், இரண்டாவதைச் சுமப்பவருக்கு ஆறுதல் கிடைப்பதில்லை, கெட்ட பெயர்தான் கிடைக்கிறது. இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். உங்கள் மாமியார் திருஷ்டி கழித்ததைக்கூட நான் குறையாக நினைக்கவில்லை. உங்களுக்கு ஏதோ சரியில்லை என்று அவருக்காவது தோன்றியிருக்கிறது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, நான்கைந்து நாட்களில் தானாகவே சரியாகிவிடுகிறது என்பதுதான். இந்த நாட்கள் மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் வருகின்றனவா என்று நீங்கள் எழுதவில்லை. அந்த வாரத்தில் தொடங்கி, உதிரப்போக்கு ஆரம்பித்த சில நாட்களில் வடிந்து, அடுத்த வாரம் ஏறக்குறைய இல்லாமலே போகிறது என்றால், அது மாதவிலக்குக்கு முந்தைய டிஸ்போரியாவாக இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய்க் கையேட்டில் இது தனி நோயாகவே இடம்பெற்றது. இதில் ஹார்மோன் அளவுகள் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். அவற்றின் இயல்பான ஏற்ற இறக்கத்துக்கே மூளை மிகையாக எதிர்வினை காட்டுகிறது என்பதால், இரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் உங்கள் வேதனை பொய்யாகிவிடாது. இதற்கு நல்ல சிகிச்சை உண்டு. சிலருக்கு மாதவிலக்குச் சுற்றின் பின்பாதியில் மட்டும் மாத்திரை சாப்பிட்டாலே போதுமானதாக இருக்கிறது.

ஆனால் இதை நினைவை வைத்து முடிவுசெய்யக் கூடாது. சமையலறையில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரில் ஒவ்வோர் இரவும் அன்றைய மனநிலைக்கு 0 முதல் 3 வரை ஒரு எண், தூங்கிய நேரம், மாதவிலக்கு நாள் ஆகியவற்றை மட்டும் குறித்துவாருங்கள். நல்ல நாளையும் விடாமல் எழுத வேண்டும். கெட்ட நாட்களை மட்டும் எழுதினால் ஒழுங்கு புலப்படாது. குறைந்தது இரண்டு மாதவிலக்குச் சுற்றுகளுக்கு இப்படிக் குறித்த பிறகே மருத்துவர்களும் இந்த நோயை உறுதிசெய்கிறார்கள்.

காலண்டரில் அப்படி ஓர் ஒழுங்கு தெரியாவிட்டால் வேறு காரணங்களைத் தேட வேண்டும். தைராய்டு கோளாறு, இரத்தச்சோகை, பி12 குறைபாடு, தூக்கக் குறைவு ஆகியவை இத்தகைய மனநிலையை உண்டாக்கவோ கூட்டவோ கூடும். முதல் மூன்றையும் எளிய இரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடித்துவிடலாம்; காலண்டர் நிறையும்வரை காத்திராமல் இப்போதே அவற்றைச் செய்துகொள்ளுங்கள். வீசிங்குக்குத் தரும் ஸ்டீராய்டு, வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு போன்ற மருந்துகளாலும் சிலருக்கு நிலைகொள்ளாமை வரும். அடிக்கடி காபி குடிப்பவர் திடீரென்று நிறுத்தினாலும் சில நாட்கள் எரிச்சல் இருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் நீடித்தால் மனச்சோர்வு நோயா என்று பார்க்க வேண்டும். தூக்கமே இல்லாமலும் களைப்புத் தெரியாமல், எண்ணங்கள் தறிகெட்டு ஓடி, கை நில்லாமல் செலவு செய்கிற நாட்களும் இடையே வந்திருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அது இருதுருவக் கோளாறாக இருக்கலாம், அதற்கான மருந்துகள் வேறு.

அந்த நாட்களில் மனம் தன் கசப்புக்கு ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டே இருக்கும். கண்ணில் பட்டவர் மேல் அதைச் சுமத்தியும்விடும். கணவரோடு கணக்குத் தீர்ப்பது, வேலையை விடுவது போன்ற முடிவுகளை அப்போது எடுக்காதீர்கள். காலையிலேயே வீட்டில், “இன்னிக்கு எனக்கு மனசு ஒரு மாதிரியா இருக்குங்க, உங்க மேல கோபமில்ல” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லச் சிரமமாக இருந்தால் இந்தப் பக்கத்தையே அவரிடம் படிக்கக் கொடுங்கள். அன்று நுணுக்கமான வேலையைச் சற்றுக் குறைத்துக்கொண்டு, சிறிது தூரம் நடந்துவிட்டு வாருங்கள். இரவுத் தூக்கத்தை எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒன்றை நேராகவே கேட்கிறேன்: செத்துப்போகலாம் என்ற எண்ணம் எப்போதாவது வருகிறதா? வந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

மற்றபடி, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் புறநோயாளியாகவே போய்வரலாம். காலண்டரையும், சாப்பிட்டுவரும் மாத்திரை அட்டைகளையும், பரிசோதனை முடிவுகளையும் எடுத்துச் செல்லுங்கள். முடிந்தால் கணவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் கெட்ட நாட்களை வெளியிலிருந்து பார்த்தவர் அவர் என்பதால், நீங்கள் கவனிக்கத் தவறிய ஏதாவது ஒன்றை அவர் மருத்துவரிடம் சொல்லக்கூடும்.