கேபிள் டிரம் தூக்கும் வண்டி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நிலத்தடி கேபிள் வேலை பெருகிவிட்டதால், கேபிள் சுற்றி வரும் பெரிய உருளையான டிரம்மைத் தூக்க டிராக்டரிலும் ஜேசிபியிலும் மாட்டிக்கொள்ளும் தாங்கிகளைப் பற்றிய கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. பெரும்பாலானவர்கள் “எவ்வளவு தூக்கும்?” என்றுதான் கேட்கிறார்கள். “சுற்றும் டிரம்மை எப்படி நிறுத்துவது?” என்று கேட்டவர் ஒரே ஒருவர். அவருக்கு விரிவாகவே பதில் சொல்லியிருக்கிறேன்.

என்னிடம் 45 குதிரைத்திறன் டிராக்டர் இருக்கிறது. பின்னால் மூன்று புள்ளி இணைப்பில் மாட்டும் டிரம் ஸ்டாண்ட் செய்து தருவதாகப் பட்டறைக்காரர் சொல்கிறார். 11 கே.வி. கேபிள் டிரம்மைத் தூக்குமா? (ஒப்பந்ததாரர், ஓசூர்)

முதலில் டிரம்மின் பக்கப் பலகையைப் பாருங்கள். கேபிளின் நீளம், நிகர எடை, மொத்த எடை எல்லாம் அதிலேயே எழுதியிருக்கும். 3 கோர் (உள்ளே மூன்று மின்கம்பி) 300 சதுர மி.மீ. அலுமினிய ஆர்மர்டு (இரும்புக் கவசம் போட்ட) கேபிள் என்றால், தயாரிப்பைப் பொறுத்து மீட்டருக்கு 8 முதல் 10 கிலோ வரும். 250 மீட்டருக்கு இரண்டு, இரண்டரை டன் ஆகிவிடும். டிரம்மின் எடை தனி.

உங்கள் ரக டிராக்டர்களின் தூக்குதிறன் பொதுவாக 1,500 முதல் 2,000 கிலோ. அதுவும் மூன்று புள்ளி இணைப்பின் கீழ்க் கைகளான லிங்குகளின் நுனியில் கணக்கிட்ட எண். டிரம்மின் மையமோ அந்த நுனியிலிருந்து வெகுவாகப் பின்தள்ளி இருக்கும். எடை பின்னே போகப் போகத் தூக்குதிறன் குறையும், முன்சக்கரமும் லேசாகும். மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் நிற்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அது குறைந்தால் ஸ்டீயரிங் பிடிக்காது, மேடு ஏறும்போது டிராக்டர் முன்பக்கம் தூக்கிவிடும். ஆகவே இந்த டிரம்முக்கு அந்த ஸ்டாண்ட் வேண்டாம். டிரம்மின் நடுவே செருகும் தண்டான ஷாஃப்ட்டை இரண்டு கைகள் பிடித்துத் தூக்கும் டிரம் டிரெய்லர்தான் சரி. எடையை அதன் சக்கரங்களே சுமக்கும், டிராக்டர் இழுத்தால் போதும்.

பட்டறைக்காரர் சொன்னதை முழுக்கத் தள்ளவும் வேண்டாம். தெருவிளக்குக்குப் போடும் 3.5 கோர் (மூன்று முழுக் கம்பி, ஒரு சிறிய கம்பி) 35 சதுர மி.மீ. கேபிள் மீட்டருக்கு ஒன்று, ஒன்றரைக் கிலோதான். அதற்கு இந்த ஸ்டாண்ட் நன்றாகவே உதவும். முன்னால் எடைக்கட்டிகளை மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள்.

இழுப்பதை நிறுத்தினாலும் டிரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கேபிள் தரையில் கொட்டுகிறது. என்ன வழி? (சைட் சூப்பர்வைசர், அம்பத்தூர்)

இதுதான் நான் எதிர்பார்த்த கேள்வி. கேபிளை இழுக்கும் இயந்திரமான வின்ச் நின்றதும் கேபிள் நின்றுவிடும். ஆனால் இரண்டு டன் டிரம் கைவிட்ட கிணற்று உருளை மாதிரி இன்னும் சில சுற்று ஓடும். அந்த ஓட்டத்தில் சரிந்து விழும் கேபிள், மறுபடி இழுக்கும்போது சுருங்கி முறுக்கிக்கொள்ளும். உயர் அழுத்த 3 கோர் கேபிளை அதன் விட்டத்தைப் போல 15 மடங்குக்குக் குறைவான ஆரத்தில் வளைக்கக் கூடாது. 80 மி.மீ. கேபிளுக்கு அது 1.2 மீட்டர். தரையில் விழுந்த சுருளோ அதைவிட எவ்வளவோ குறுகலாக மடங்கும். அன்றைக்கு எந்தச் சேதமும் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே செப்பு நாடாவோ இன்சுலேஷனோ நசுங்கியிருந்தால், மின்சாரம் கொடுத்துப் பல மாதம் கழித்துக்கூட வெடிக்கலாம். அப்போது பழி கேபிளை இணைத்த ஜாயின்டர் மேல் விழும்.

நம் சைட்டுகளில் ஒருவர் பலகையை டிரம்மின் விளிம்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பார். சிறிய டிரம்முக்கு அது போதும். பெரியதற்கு ஷாஃப்ட்டிலோ விளிம்பிலோ பிடிக்கும் பிரேக் இருக்க வேண்டும். டிரெய்லர் வாங்கப் போகிறவர்கள் தூக்குதிறனுக்கு முன் இதைக் கேளுங்கள். பிரேக் பிடிப்பவரிடமும் வின்ச் ஓட்டுபவரிடமும் வாக்கி டாக்கி இருக்கட்டும். கையசைப்பு வளைவு தாண்டித் தெரியாது.

இன்னொன்று. கேபிள் டிரம்மின் மேல்பக்கத்திலிருந்து வர வேண்டும். பக்கப் பலகையில் உள்ள அம்புக்குறி, டிரம்மைத் தரையில் உருட்ட வேண்டிய திசை. கேபிள் அவிழும்போது டிரம் அதற்கு எதிர்த்திசையில் சுற்றும். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு மாட்டிவிடுகிறார்கள்.

வின்ச் வாடகை கட்டுப்படியாகவில்லை. டிராக்டரையே விட்டு இழுக்கலாமா?

கேபிள் நுனியைக் கட்டி இழுப்பதென்றால் கூடாது. அலுமினியக் கம்பிக்குச் சதுர மி.மீ.க்கு 30 நியூட்டன், செம்புக்கு 50 நியூட்டன் வரை இழுவிசை கொடுக்கலாம். 3×300 அலுமினியத்துக்கு இது 27,000 நியூட்டன், அதாவது சுமார் இரண்டே முக்கால் டன். இது கம்பியோடு சேர்த்துப் பொருத்திய இழுகண்ணுக்கான (இழுக்கும் வளையத்துக்கான) கணக்கு. கேபிளின் மேலே உறைபோல மாட்டும் கம்பிவலைச் சாக்ஸுக்கு இந்த எண்ணைப் போடாதீர்கள், அதற்கு வேறு கணக்கு. கிளட்ச்சை விடும்போது டிராக்டர் கொடுக்கும் திடீர் இழுப்பு எத்தனை டன் என்று யாருக்குத் தெரியும்? நல்ல கேபிள் வின்ச்சில் இழுவிசையைக் காட்டும் அளவி இருக்கும், வரம்பு தாண்டினால் நின்றுவிடும்.

டிரம்மை டிரெய்லரில் ஏற்றி, பள்ளத்தை ஒட்டி மெதுவாக நகர்த்திக்கொண்டே கேபிளை உள்ளே இறக்குவது வேறு விஷயம். குறுக்கே தண்ணீர்க் குழாயோ பழைய கேபிளோ இல்லாத திறந்த பாதையில் அதுவே நல்ல முறை, கேபிளுக்கு இழுவிசையே கிட்டத்தட்ட இருக்காது. பள்ளத்தின் விளிம்பை விட்டுத் தள்ளி ஓட்டுங்கள், மண் சரியும்.

ஜேசிபி பக்கெட்டில் சங்கிலி கட்டித் தூக்குகிறோம். இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

நிறுத்திவிடுங்கள். பக்கெட் பல்லில் கட்டிய சங்கிலி வழுக்கும். ஒற்றைக் கொக்கியிலிருந்து இறங்கும் ஸ்லிங் (தூக்கு வடம்) இரண்டு பலகைகளையும் உள்பக்கமாக நெரிக்கும். நடுவில் ஷாஃப்ட், மேலே டிரம் அகலத்துக்குக் குறுக்குச் சட்டம், இரண்டும் இருந்தால்தான் தூக்க வேண்டும். ஃபோர்க் என்றால் இரண்டு பலகைகளையும் தாண்டும் நீளம் வேண்டும், கேபிளில் முட்டக் கூடாது. ஹைட்ராவில் (சுமையோடு நகரும் கிரேனில்) தூக்கிக்கொண்டு போவதானால் டிரம் தரையை ஒட்டியே இருக்கட்டும், திருப்பத்தில் அதன் தாங்கும் திறன் குறையும். மேலே மின்கம்பி போகிறதா என்றும் பாருங்கள்.

திறந்தவெளிச் சுரங்கத்தில் லோடரில் மாட்டும் கேபிள் ரீல் பற்றிச் சொல்லுங்கள். (பயிற்சிப் பொறியாளர், நெய்வேலி)

உங்கள் ஊர்ச் சக்கர வாளி இயந்திரங்கள் மின்சாரத்தில் ஓடுபவை, ஆகவே அவற்றின் பின்னால் கேபிளும் நகர வேண்டும். மின் ஷவல் (மின்சாரத்தில் ஓடும் தோண்டும் இயந்திரம்) ஓடும் சுரங்கங்களிலும் இதே பாடுதான். கேபிளை பக்கெட்டால் தள்ளுவதற்கும், சங்கிலி கட்டி இழுப்பதற்கும் மாற்றாக வந்ததுதான் லோடர் ரீல். ஹைட்ராலிக் மோட்டார் ரீலைச் சுற்றும், இழுவை அதிகமானால் ரிலீஃப் வால்வு எண்ணெய் அழுத்தத்தை விட்டுக்கொடுக்கும். சுற்றும் முன் மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, கேபிளில் மின்சாரம் இல்லை என்று சோதித்து, எர்த் செய்ய வேண்டும். வண்டிகள் கடக்கும் இடத்தில் கேபிள் மேல் ஏற்றாமல் பாலமோ, கேபிளைத் தூக்கிப் பிடிக்கும் உயர்சட்டமோ போட வேண்டும்.

ரீலில் சுற்றியபடியே மின்சாரம் ஓடினால் சூடு வெளியேறாது. ஓர் அடுக்குக்கு 85 சதவீதம், இரண்டுக்கு 65, மூன்றுக்கு 45, நான்குக்கு 35 என்று கேபிளின் மின்னோட்டத் திறன் இறங்கும். வெல்டிங் மிஷினுக்குப் போடும் சாதாரண சுருள் கேபிளும் இப்படித்தான் உருகுகிறது. முழுக்க அவிழ்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

டிரெய்லருக்குத் தனி நம்பர் வேண்டுமா?

வேண்டும். விவசாயத்துக்குப் பதிவான டிரெய்லரில் ஒப்பந்த வேலைக்கு டிரம் ஏற்றி விபத்து நடந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க அதுவே காரணமாகலாம்.

சொந்தமாக வாங்கலாமா, வாடகைக்கா? (தூத்துக்குடி)

மாதத்தில் நான்கைந்து டிரம் இறக்குபவர் வாங்கலாம். மற்றவர்களுக்கு வாடகை போதும். ஆனால் ஷாஃப்ட்டின் இரு முனையையும் தாங்கி உயர்த்தும் டிரம் ஜாக்கி ஒரு ஜோடியும், நல்ல ஷாஃப்ட் ஒன்றும் சொந்தமாக இருக்கட்டும். வாடகை டிரெய்லர் வந்ததும் முதலில் ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா என்று உருட்டிப் பாருங்கள், அப்புறம் பிரேக்கைப் பாருங்கள். மீந்த கேபிளைத் திரும்பச் சுற்றும்போது வெட்டிய நுனிக்கு அன்றைக்கே ஈரம் புகாத மூடி (கேப்) போட்டுவிடுங்கள். உப்புக்காற்றும் மழையும் உள்ள ஊரில் அதை நாளைக்குத் தள்ள முடியாது.