தோள்பட்டையிலும் முதுகிலும் தீராத பிடிப்பு, எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். என்ன செய்யலாம்?

நான் மருத்துவர் இல்லை. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். தோள்பட்டை வலி வராத தையல்காரரை இதுவரை பார்த்ததில்லை, அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

எக்ஸ்ரேயில் தெரிவது எலும்பு. தசைப் பிடிப்பு அதில் வராது. அதனால் "ஒன்றும் இல்லை" என்று சொன்னார்கள் என்பதற்காக உங்கள் வலி பொய்யாகிவிடாது.

நான் என்ன மூட்டையா தூக்குகிறேன் என்று பலர் கேட்பார்கள். தலையே நாலைந்து கிலோ இருக்கிறதே! மெஷினோ, கம்ப்யூட்டரோ, போனோ, மணிக்கணக்காகக் குனிந்திருந்தால் பின்கழுத்தும் தோளும் அந்தப் பாரத்தை இடைவிடாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். இப்படி இறுகியே கிடக்கும் தசையில் தடவிப் பார்த்தால் பட்டாணி போல ஒரு முடிச்சு தட்டுப்படும்.

வலிக்கும் இடத்தில்தான் அது இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் கடையில் காஜா எடுக்கும் அண்ணன் எப்போது பார்த்தாலும் முன்தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் அவருடைய தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். "டேய், நீ பின்னாடி அமுக்கினா முன்னாடில்ல வலிக்குது!" என்றார். அந்தப் பின்பக்கத் தசை இறுகினால் வலி முன்தோளுக்கு வரும், சிலருக்குக் கை வழியாகவும் இறங்கும். அமெரிக்க அதிபர் கென்னடிக்கு மருத்துவராக இருந்த ஜேனட் டிராவல் என்ற அம்மையார், எந்தத் தசையின் முடிச்சு எங்கே வலியைக் காட்டும் என்று உடம்பு முழுக்கப் படம் போட்டே விளக்கியிருக்கிறார்.

ஒரு டென்னிஸ் பந்தைப் பழைய சாக்ஸுக்குள் போட்டு, சாக்ஸின் நுனியைப் பிடித்துத் தோளுக்குப் பின்னால் தொங்கவிடுங்கள். சுவரில் சாய்ந்து முடிச்சின்மேல் அரை நிமிடம் அழுத்துங்கள். பொறுத்துக்கொள்ளும் அளவு வலித்தால் போதும், மூச்சை அடக்கக் கூடாது. முதுகெலும்பின்மேல் பந்து படவே கூடாது. அப்புறம் கால் மணி நேரம் வெந்நீர் ஒத்தடம். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில சமயம் சூடு உறைக்காது, அவர்கள் வேறு யாரையாவது தொட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டு வையுங்கள்.

ஆனால் வேலை செய்யும் விதம் மாறாவிட்டால் முடிச்சு திரும்ப வந்துவிடும். நான் கட்டிங் டேபிளின் நாலு காலுக்கும் மரக்கட்டை கொடுத்து உயர்த்தினேன். மெஷின் பாபினில் நூல் தீரும்போதெல்லாம் எழுந்து தோளைப் பின்னால் சுழற்றுவேன். வலிக்கிறது என்று நாள்கணக்கில் படுத்துக் கிடந்தால் இன்னும்தான் இறுகும்.

சலூனில் முடி வெட்டியதும் கழுத்தை 'சடக்' என்று திருப்பி நெட்டி எடுப்பார்களே, அது வேண்டவே வேண்டாம். கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போனவர்கள் உண்டு.

வலியோடு நெஞ்சை அடைத்து வியர்த்தால் பந்தைத் தேடாதீர்கள், 108-க்குப் போன் போடுங்கள். தொடையிடுக்கு மரத்து, சிறுநீர் போவதில் சிக்கல் என்றாலும் உடனே ஆஸ்பத்திரிதான். கையில் பலம் குறைந்தாலோ, காய்ச்சலோ எடைக் குறைவோ கூட வந்தாலோ தள்ளிப்போடாமல் காட்டுங்கள். அடுத்தவர் தூக்கிவிட்டாலும் கை மேலே போகவில்லை என்றால் அது தோள் மூட்டே இறுகிப்போன கதையாக இருக்கலாம், சர்க்கரைக்காரர்களுக்கு அதிகம் வரும். கடலூர் அரசு மருத்துவமனையிலோ புதுச்சேரி ஜிப்மரிலோ காட்டிப் பயிற்சி கேட்டுக்கொள்ளுங்கள்.

ராத்திரி வலிக்கிற பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டாம். மறுபக்கம் திரும்பி, அந்தக் கையை ஒரு தலையணைமேல் போட்டுக்கொள்ளுங்கள்.