வெள்ளித் திட்டும் கருப்புப் புள்ளியும்: இலைப்பேனைச் சந்தேகியுங்கள்

வீட்டுக்குள் வளர்க்கும் மான்ஸ்டெரா செடியின் இலைகளில் வெள்ளிபோல் மினுங்கும் திட்டுகள், அடிப்பக்கம் கருப்புப் புள்ளிகள், தண்ணீரைக் குறைத்தும் நிற்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தண்ணீர் மீது பழி போட வேண்டாம். நீர் மிகுந்தால் இலை மஞ்சளாகித் தொய்யும். இந்த மினுமினுப்பு வராது. அந்தக் கருப்புப் புள்ளிகள்தான் முக்கியமான தடயம். அவை பெரும்பாலும் இலைப்பேன் (thrips) என்ற சிறு பூச்சியின் எச்சம். பூச்சி இலையின் செல்களைக் குத்திச் சாற்றை உறிஞ்சிவிட, காலியான செல்களில் காற்று நிறைந்து வெள்ளியாகத் தெரிகிறது.

உறுதி செய்ய, இலைக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டிப் பாருங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் மெல்லிய கோடுபோல் ஏதேனும் நகர்ந்தால் அதுதான். நுண்ணிய வலை தெரிந்தால் மட்டும் சிலந்திப்பேன் என்று கொள்ளுங்கள்.

செடியை இன்றே மற்றவற்றிலிருந்து விலக்கி வையுங்கள், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். இலைகளின் இரு பக்கமும் கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்ப எண்ணெயும் சில துளி சோப்புத் திரவமும் கலந்து, வெயில் படாத நேரத்தில் தெளியுங்கள்.

பலரும் ஒருமுறை தெளித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். முட்டைகள் இலைத் திசுவுக்குள் இருக்கின்றன. கூட்டுப்புழுக்கள் பெரும்பாலும் மண்ணில். இரண்டுக்கும் தெளிப்பு எட்டாது. ஆகவே வாரம் ஒருமுறை, குறைந்தது நான்கு வாரம் தெளிக்க வேண்டும். பழைய தழும்புகள் மறையாது. புதிய இலை எப்படி விரிகிறது என்று பாருங்கள்.